கண்ணுச்சாமி பொறி பார்த்த வரலாறு

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைகள் முடிகிற தெருவில், தும்மல் ஓய்ந்து இருமல் தொடங்கும் இடத்தில், சுந்தரபாண்டியின் லேத்துப் பட்டறை இருந்தது. பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் முதலாளி சுந்தரபாண்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவர் நின்றபடி லேத்து ஓட்டுவார். அவரிடம் சம்பளம் வாங்கும் கண்ணுச்சாமி அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்திருப்பார். இந்தக் காலத்தில் அறிவுக்கு எங்கே மரியாதை என்று புலம்புகிறவர்களை ஒருமுறை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போயிருக்கலாம்.

அண்ணாச்சியின் வேலை இரும்பின் குலம் கோத்திரம் சொல்வது. எல்லா இரும்புக்கும் அல்ல, வால்வு சீட்டுக்கு மட்டும். இஞ்சின் ஹெட்டுக்குள் வால்வு வந்து உட்கார்ந்து எழுந்திருக்கிற வளையம்தான் வால்வு சீட். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வண்டி ஓடுகிற நேரமெல்லாம், ஒரு நிமிடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல், வால்வு அதன் தலையில் கொட்டும். போதாததற்கு நெருப்பும் சேர்ந்துகொள்ளும். இத்தனையையும் வாங்கிக்கொண்டு தேயாமல், முணுமுணுக்காமல் இருக்க வேண்டும். அத்தகைய பொறுமையைத் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கும் பெண்களிடம் பார்க்கலாம். இரும்பில் பார்ப்பது அரிது. சீட் தேய்ந்தால் வால்வு சரியாக மூடாது. மூடாவிட்டால் கம்ப்ரஷன் போகும், வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும்.

ஆகவே சீட் என்ன உலோகம் என்பது முக்கியமான கேள்வி. சுந்தரபாண்டியின் பட்டறையில் அது இன்னும் முக்கியமான கேள்வி. ஏனென்றால் அவர் சீட்டை டப்பாவோடும் பெயரோடும் வாங்குகிறவர் அல்ல. கம்பெனிகளில் மிஞ்சிப்போனது, ஆர்டர் ரத்தானது என்று சாக்கில் வரும் வளையங்களைக் கிலோக் கணக்கில் எடுப்பார். சாக்குக்குள் என்ன உலோகம் இருக்கிறது என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, சாக்குக்கும் தெரியாது. அதற்காகத்தான் கண்ணுச்சாமி இருந்தார்.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பிறந்த கண்ணுச்சாமி, பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பூச்சட்டி செக்சனில் பதினெட்டு வருடம் போர்மேன். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தில் கரி, வெடியுப்பு, கந்தகம் எல்லாம் இருந்தாலும் மேலே எழும்பிப் பூவாக விரிவது இரும்புப் பொடி. அந்தப் பொடிக்காக லேத்துப் பட்டறைகளில் விழும் இரும்புச் சீவலை அள்ள விருதுநகர் வருவார். ஒரு நாள் சுந்தரபாண்டியின் பட்டறையில், சீவலை விட்டுவிட்டு, முழு இரும்புத் துண்டையே சாணை பிடிக்கிற எமரிச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தார். பொறி பறந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இது மூணு கிளையாப் பூக்கு. கார்பன் கூடுன இரும்பு" என்றார். இன்னொன்றை வைத்து, "இது கம்பி கம்பியா ஓடுது, பூக்கல. இளகுன இரும்பு" என்றார். இரண்டும் சரியாக இருந்தன. சுந்தரபாண்டி அன்றைக்கே நாற்காலியைக் காலி செய்தார்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு சாத்திரம் உருவாயிற்று. சாக்கிலிருந்து ஒவ்வொரு வளையமாக எடுத்து, அண்ணாச்சி சக்கரத்தில் லேசாகத் தொடுவார். கிளை விட்டு, வெடித்து, வெள்ளைப் பூவாகச் சொரிந்தால் அதற்குப் பெயர் 'பூச்சட்டி', முதல் தரம். பூக்காமல் கோடாக ஓடினால் 'கம்பி மத்தாப்பு', இரண்டாம் தரம். சக்கரத்தை ஒட்டி நாலு சிவப்புப் புள்ளியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தால் 'நமத்தது'. அது கழிசல், மூலையில் இருக்கும் பெயிண்ட் டப்பாவுக்குப் போகும். மழையில் நமத்துப்போன சரக்கைப் பார்த்தால் சிவகாசிச் சீமையில் பிறந்தவனுக்கு எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. மருமகன் சரியில்லை என்பதைக்கூட அங்கே மன்னித்துவிடுவார்கள்.

காந்தத்தை வைத்துப் பார்க்கலாமே என்று ஒருமுறை சுந்தரபாண்டி தயங்கியபடி சொன்னார். நமத்த வளையங்களில் பெரும்பாலானவற்றைக் காந்தம் இழுக்கவில்லை.

"பாத்தீகளா" என்றார் அண்ணாச்சி. "காந்தமே வேண்டாம்னு தள்ளுது. நாம எதுக்குத் தொடணும்?"

இந்தத் தர்க்கத்துக்கு மறுப்பு எந்தப் புத்தகத்திலும் இருக்க முடியாது.

சாத்திரம் ஏழெட்டு வருடம் செழிப்பாக நடந்தது. அதற்குக் காரணம் அண்ணாச்சியின் ஞானம் என்று ஊர் நம்பியது. உண்மையான காரணம் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். அது சீட்டின் மேல் மெல்லிசாகப் படிந்து, எந்த இரும்பையும் கொஞ்ச காலம் காப்பாற்றிக் கொடுத்தது. இரண்டாயிரத்தில் ஈயமில்லாத பெட்ரோல் எல்லா பங்கிலும் வந்துவிட்டது. அதன் பின்னால் கேஸ் கிட்டும் வந்தது. அண்ணாச்சி முதல் தரம் என்று கொடுத்த சீட்டுகள் மூன்று மாதத்தில் பள்ளம் விழுந்து திரும்பி வரத் தொடங்கின. அண்ணாச்சி கலங்கவில்லை. பெட்ரோல் பங்க், டிரைவர், சாத்தூர் ரோடு, அப்போது ஆண்டுகொண்டிருந்த கட்சி என்று குற்றவாளிகளுக்கா பஞ்சம்.

இப்படித் திரும்பித் திரும்பி வந்தவர்களில் ஒருவன் மாரிக்கண்ணன். அவனிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது, கேஸுக்கு மாற்றியது. எட்டுப் பேர் உட்காரும் அந்த வேனில் பதினாறு பேரை ஏற்றி, தினமும் காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடுவான். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருவரிடமும் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் கறாராக வாங்கி வைப்பார். பதினாறு பேரும் எதன் மேல் உட்கார்ந்து வந்தார்களோ அந்தக் கேஸ் சிலிண்டரை மட்டும் அவர் கண்டதில்லை. அதை யாரும் கையில் கொண்டுவரவில்லையே.

அந்தப் பதினாறு பேரில் மாரிக்கண்ணனின் மனைவி பாண்டிச்செல்வியும் ஒருத்தி. பூச்சட்டி செக்சன். மருந்து கிட்டிக்கிற வேலை, அதாவது சட்டிக்குள் மருந்தை அடைத்து இறுக்குவது. அவள் முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி மின்னும். கோயிலுக்குப் போனால் வெள்ளிக் காப்பு போட்ட அம்மனுக்குப் போட்டியாக இருப்பாள்.

இரண்டாயிரத்து நாலு ஆவணியில், சீசன் உச்சத்தில், அந்த வேன் இரண்டு தடவை ஏற்றத்தில் நின்றது. பட்டாசுக் கம்பெனியில் மருந்தை வெயில் ஏறுமுன் கலந்தாக வேண்டும். கலக்கிறவர்கள் பத்து மணிக்கு வந்து இறங்கினால் அன்றைய வேலை போச்சு. முதலாளியின் மகன் ஸ்ரீராம்குமார் கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்தவர். ஆகவே கோபப்படாமல் சொன்னார்: "இனி ஒரு தடவ லேட்டானா வேற வண்டி பாத்துக்கிறோம்." வேற வண்டி ஏற்கெனவே பார்த்தாயிற்று. மேனேஜரின் மச்சினன் அதற்கென்றே ஒன்று வாங்கி, பெயிண்ட் அடித்து, கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரையும் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரிக்கண்ணனின் வண்டி மறுபடி இருமத் தொடங்கியது. திங்கட்கிழமை நின்றால் டிரிப் போகும். வேனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

சனிக்கிழமை காலையில் ஒரு நாள் வாடகைக்கு வேறு வண்டி பேசி ஆட்களை அனுப்பிவிட்டு, மாரிக்கண்ணன் ஹெட்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பின்னால் பாண்டிச்செல்வி வந்தாள். சம்பள நாளில் வேலைக்குப் போகாமல் ஒரு பொம்பளை பட்டறைக்கு வருகிறாள் என்றாலே சுந்தரபாண்டி ஜாக்கிரதையாகியிருக்க வேண்டும்.

"வாலே மாரி" என்றார் அண்ணாச்சி. "மறுபடியும் சீட்டத் தின்னுட்டியா?"

"நான் எங்க அண்ணாச்சி திங்கேன். வண்டிதான் திங்கு."

"ஏத்தத்துல எத்தனாவது கியர் போடுத?"

"ரெண்டாவது."

"அதான்" என்றார் அண்ணாச்சி.

போன தடவை இதே கேள்விக்கு மாரிக்கண்ணன் மூன்றாவது என்று சொல்லியிருந்தான். அப்போதும் அண்ணாச்சி "அதான்" என்றுதான் சொன்னார்.

பாண்டிச்செல்வி முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, போன தடவ போட்டது மொதத் தரமா?"

"சந்தேகமா தாயி? அம்புட்டும் பூச்சட்டி. நானே பொறி பாத்து எடுத்தது."

"அதுக்கு முந்துன தடவ?"

"அதுவும் மொதத் தரந்தான்."

"முந்துனது நாலு மாசம் வந்துச்சு. போன தடவ போட்டது ரெண்டே மாசம். தரம் கூடக் கூட நாள் கொறையுதே."

"ஏ பிள்ள, சும்மா இரு" என்றான் மாரிக்கண்ணன்.

"நான் சும்மாதான் இருக்கேன். வண்டிதான் சும்மா நிக்கப் போவுது."

அண்ணாச்சி சிரித்தார். அறியாதவர்களிடம் கோபப்படுவது ஞானிக்கு அழகல்ல. சாக்கிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து இடுக்கியில் பிடித்துச் சக்கரத்தில் வைத்தார். பொறி இரண்டடி நீளத்துக்குச் சீறி, நுனியில் கிளைத்து, வெள்ளையாக வெடித்துக் கொட்டியது. தெருவில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"இத விட என்ன வேணும்?" என்றார்.

பட்டறையில் எல்லோரும் பொறியைப் பார்த்தபோது பாண்டிச்செல்வி சக்கரத்துக்குக் கீழே பார்த்தாள். பிறகு அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்துச் சக்கரத்தின் அடியில் விரித்தாள்.

"இன்னொரு தடவ வைங்க."

வைத்தார். பேப்பரில் கறுப்பாகப் பொடி விழுந்தது. அவள் அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். இட்லிப் பொடி பதம் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இப்ப அந்த டப்பாவுல கெடக்கிறதுல ஒண்ணு வைங்க."

"அது நமத்தது தாயி."

"நமத்ததுதான். வைங்க."

விருந்துக்கு வந்தவர் இலையில் பழையது பரிமாறச் சொன்னது போல அண்ணாச்சி முகம் சுளித்து, டப்பாவிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துச் சக்கரத்தில் வைத்தார். சக்கரம் முனகியது. ஒட்டினாற்போல் மூன்று சிவப்புப் புள்ளி வந்து அணைந்தது. இரும்பில் ஒரு பளபளப்பு வந்ததே தவிர, தேய்ந்த மாதிரியே தெரியவில்லை. பேப்பரில் புதிதாக எதுவும் விழவில்லை.

"பாத்தியா" என்றார் அண்ணாச்சி. "ஜீவனே இல்ல."

"அண்ணாச்சி, பூச்சட்டி எரிஞ்சு முடிஞ்ச பெறவு உள்ள போட்ட இரும்பு என்ன ஆவும்?"

"என்ன ஆவும், சாம்பலாப் போவும்."

"அதக் கூட்டி அள்ளி மறுபடி கிட்டிக்கலாமா?"

"எப்படி முடியும்? அதான் எரிஞ்சு போச்சே."

"அப்ப பொறின்னா இரும்பு எரியுறது. நல்லாப் பொறி வந்தா நல்லா எரியுற இரும்பு. பூச்சட்டிக்குள்ள எரியணும்னுதான் நாங்க வைக்கோம். இஞ்சினுக்குள்ளயும் எரியணும்னா வைக்கீக?"

சுந்தரபாண்டி லேத்தை நிறுத்தினார். மின்வாரியம் நிறுத்தாமல் அந்த லேத்து பகலில் நின்றது அதுவே முதல் தடவை.

"பதினெட்டு வருசம் போர்மேனா இருந்தவன்ட்ட பொறிக்கு வெளக்கம் சொல்லுதியா?" என்றார் அண்ணாச்சி. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"போர்மேனா இருந்தீகன்னுதான் கேக்கேன். மழைக்காலத்துல இரும்புப் பொடியில எண்ணெய விட்டுப் பெரட்டச் சொல்லுவீகள்ல, எதுக்கு?"

"எண்ணெய் இல்லன்னா மருந்து பட்டுக் கெட்டுப்போவும்."

"கெட்டுப்போற இரும்புன்னு தெரிஞ்சுதான எண்ணெய். இந்த டப்பா எத்தன வருசமா மூலையில கெடக்கு?"

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். நாலு மழை பார்த்த டப்பா. தகரம் துருப்பிடித்து அடி விட்டிருந்தது. உள்ளே இருந்த வளையங்கள் துரு தொடாமல் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தன.

சுந்தரபாண்டி மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. நமத்ததக் கடைஞ்சா டூல் மூக்கு உடைஞ்சு போவுதுன்னு நானும் ரொம்ப நாளாச் சொல்லுதேன்."

"நீ டூல் சரியில்லன்னுல்லா சொன்ன?"

"நீங்கதான் டூல் சரியில்லன்னு சொன்னீக."

வெட்டுகிற உளியையே உடைக்கிற இரும்பு மட்டம், தீயில் பொரிந்து தீர்ந்துபோகிற இரும்பு உசத்தி. இதை ஒரு பட்டறை முழுக்கப் பத்து வருடம் நம்பியிருக்கிறது என்பதை நம்ப முடியாதவர்கள், பட்டாசு விற்று ஊர் நடத்துகிறவர்களின் கண்ணால் உலகத்தைப் பார்த்ததில்லை. அங்கே ஒரு பொருளின் மதிப்பு, அது அழிகிறபோது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான். அந்த வளையங்களில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம் மிகுதி, காந்தத்துக்கும் சூட்டுக்கும் அசையாது, இஞ்சின்காரர்கள் அதைத் தேடித்தேடி வாங்குவார்கள் என்றெல்லாம் பிறகு ஒரு மெட்டீரியல் கம்பெனி ஆள் வந்து சொன்னார். அன்றைக்குப் பட்டறையில் அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பேப்பரில் கிடந்த சாம்பல்.

பயந்தது மாரிக்கண்ணன்தான். "ஏ பிள்ள, அண்ணாச்சியே கழிச்சதப் போட்டுத் திங்கக்கெழம நடு ரோட்டுல நின்னுச்சுன்னா?"

"மொதத் தரத்தப் போட்டு ரெண்டு தடவ நின்னாச்சு. கழிசலப் போட்டு ஒரு தடவ நின்னு பாப்போம்."

"போடுறதுன்னா போடுங்க" என்றார் அண்ணாச்சி. "பழி என் மேல வரக் கூடாது. எழுதித் தரணும்."

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், அண்ணாச்சி தன் கையாலேயே எழுதினார்: இந்த ஆறு வளையங்களும் கண்ணுச்சாமியின் தரம் பெறாதவை, இவற்றால் வரும் நன்மை தீமைக்குக் கண்ணுச்சாமி பொறுப்பல்ல. பாண்டிச்செல்வி கையெழுத்துப் போட்டாள். நன்மை என்ற சொல்லைச் சேர்த்தது பெரிய அவசரம் என்பது அண்ணாச்சிக்கு அப்போது தெரியவில்லை.

ஆறு வளையங்களையும் கடைந்து முடிக்கச் சுந்தரபாண்டிக்கு நாலு டூல் போயிற்று. ஒவ்வொரு டூல் போகும்போதும் பாண்டிச்செல்வி புருசனைப் பார்த்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தைரியமானான். ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைச் சூடாக்கி வளையங்களை இறக்கி, வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, வண்டியில் மாட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை. மச்சினன் வேன் ஆறு மணிக்கே கம்பெனி வாசலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி நின்றது. மேனேஜர் அதற்குப் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் போல நின்றார். ஆறு நாற்பதுக்கு மாரிக்கண்ணனின் வேன் பதினாறு பேரோடு ஏற்றத்தில் ஏறி வந்தது. ஸ்ரீராம்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். கையை உதறி மறுபடி பார்த்தார்.

"லேட் ஆகலையா?"

"இல்ல சார்."

"ஏன்?"

நிர்வாகம் படித்தவரின் இந்தக் கேள்வி முடியுமுன் மாரிக்கண்ணன் பதினாறு பேரையும் இறக்கிவிட்டான். எலுமிச்சம்பழத்தை மேனேஜரே அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார். தீபாவளி வரைக்கும், அதைத் தாண்டிக் கார்த்திகை வரைக்கும், பொங்கல் தாண்டியும் வேன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. டிரிப் மாரிக்கண்ணனிடமே இருந்தது.

கண்ணுச்சாமி அண்ணாச்சியின் புகழுக்கு இதனால் என்ன ஆயிற்று என்று கவலைப்படுகிறவர்களுக்கு: வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவர் டப்பாவை மூலையிலிருந்து மேசைக்கு மாற்றிவிட்டார். "பொறிய அடக்கி வைக்கிற இரும்புதான் உசத்தி" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். "அடக்கம்லே. மனுசனுக்கும் அதான், இரும்புக்கும் அதான்." அந்தக் காலண்டர் தாள் எப்படியோ அவர் சட்டைப் பையில் இருந்தது. "பாரு, என் கையாலதான் எழுதிக் குடுத்தேன்" என்று தூரத்திலிருந்து காட்டுவார். பக்கத்தில் கொண்டுவந்து யாருக்கும் படிக்கக் கொடுத்ததில்லை.

ஒரு நாள் வேனில் போகும்போது, மத்தாப்பு செக்சன் முருகம்மாள் சொன்னாள்: "விருதுநகர்ல ஒரு அண்ணாச்சி, நமத்த இரும்பக் கண்டுபிடிச்சிருக்காகளாம்ல. ஒங்க வண்டிக்குக்கூட அவுகதானாமே."

"நானும் கேள்விப்பட்டேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, ஆறு மாதம் கழித்துச் சுந்தரபாண்டி ஒரு விஷயத்தைக் கவனிக்கும் வரைக்கும். நமத்த வளையம் போட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மாரிக்கண்ணன் வரவில்லை, டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் வரவில்லை. லேத்து பகலிலேயே ஓய்வெடுக்கத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணாச்சியிடம் திட்டு வாங்கி, சந்தோசமாகச் செலவு செய்துவிட்டுப் போன ஜனம் எங்கே போயிற்று?

"அண்ணாச்சி" என்றார் சுந்தரபாண்டி, லேத்தைத் துணியால் துடைத்தபடி. "நீங்க முன்ன பாத்த பொறி ரொம்ப அழகா இருக்கும்."

அண்ணாச்சி புரிந்துகொண்டார். அறிவு என்பது இடம் பார்த்து நடந்துகொள்வதுதானே. ஆனால் பட்டறை ஒரு தடவை பட்டுவிட்டது, ஒரேயடியாகப் பழைய சாத்திரத்துக்குத் திரும்பவும் பயமாக இருந்தது. ஆகவே வளையத்தின் உலோகத்தை அறியும் முன் வேறொன்றை அறிந்துகொள்வது என்று முறை வைத்தார். இன்றைக்கும் யாராவது ஹெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால், அண்ணாச்சி கியரைப் பற்றிக் கேட்பதில்லை.

"வீட்ல எந்தக் கம்பெனிலே?" என்பார்.

தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ், டப்பா ஒட்டுகிற வேலை என்றால் சக்கரத்தை ஓடவிட்டுப் பொறியைப் பூவாகச் சொரியவைத்து, முதல் தரத்தை எடுத்து நீட்டுவார். கல்யாணமே ஆகவில்லை என்றால் அவனுக்கும் முதல் தரம்தான். வந்தவன் மட்டும் "பூச்சட்டி செக்சன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டால், அவர் சக்கரத்தின் பக்கமே போவதில்லை. எழுந்து வாசல்வரை போய், பின்னால் பொம்பளை யாரும் வருகிறாளா என்று தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, நமத்ததில் ஆறை எண்ணி மேசையில் வைப்பார்.